மில்டனுக்கு 5 பவுண்டு: லண்டன் புத்தகக் கடைக்காரர்கள் கொள்ளைக்காரர்களா?

ஜூன் 3, ஒரு வாசகர் எழுதியது

கண் தெரியாத ஆங்கிலக் கவிஞர் மில்டன் வாயால் சொல்லச் சொல்ல, அடுத்தவர் எழுதி முடித்த காவியம் 'இழந்த சொர்க்கம்'. அதை 5 பவுண்டுக்கு வாங்கிப் போட்டான் ஒரு வியாபாரி. அந்தக் காலத்து லண்டன் புத்தகக் கடைக்காரர்கள் எல்லாருமே இப்படித்தான். எழுதினவன் பட்டினி, விற்றவன் மாடி வீடு. இதற்கு மேல் அந்தத் தொழிலில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

ஜூன் 3, இரவு

நிறைய இருக்கிறது. அந்த 5 பவுண்டிலிருந்தே தொடங்கலாம்.

ஒப்பந்தம் கையெழுத்தானது 1667 ஏப்ரல் 27. வாங்கியவர் சாமுவேல் சிம்மன்ஸ். கையில் 5 பவுண்டு. முதல் பதிப்பில் 1,300 பிரதி விற்றதும் இன்னொரு 5. இரண்டாம் பதிப்பிலும் மூன்றாம் பதிப்பிலும் அதே மாதிரி ஐந்தைந்து. எந்தப் பதிப்பும் 1,500 பிரதியைத் தாண்டக் கூடாது. எல்லாம் சேர்ந்து அதிகபட்சம் 20 பவுண்டு. இந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரியும். சிம்மன்ஸ் பக்கத்துக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

முதல் பதிப்பு குவார்ட்டோ அளவு, சுமார் 340 பக்கம். ஒரு முழுத்தாளை இரண்டு மடிப்பு மடித்தால் 8 பக்கம். அப்படியானால் ஒரு பிரதிக்கு 43 தாள். 1,300 பிரதிக்கு ஏறக்குறைய 56,000 தாள், அதாவது 112 ரீம். நான் அச்சகத்தில் வேலை பார்த்தவன். 112 ரீம் ஒரு அறையில் எவ்வளவு இடத்தை அடைக்கும், அதற்குப் பணம் புரட்ட என்ன பாடு படவேண்டும் என்பது தெரியும். அன்று நல்ல அச்சுத்தாள் பெரும்பாலும் பிரான்சிலிருந்துதான் வந்தது. 1667 ஏப்ரலில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. லண்டன் நகரம் எரிந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. அரசாட்சி திரும்பி வந்த நாட்டில், மன்னரின் தலையை வெட்டியது சரி என்று புத்தகம் எழுதிய ஒருவரின் நீண்ட கவிதை, அதுவும் எதுகை இல்லாமல். இதில் தன் பணத்தைப் போட ஒருவர் துணிந்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

மில்டன் இரண்டாவது 5 பவுண்டை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தது 1669 ஏப்ரல் 26. ஒப்பந்தம் போட்டு இரண்டு வருடம். அதுவரை சிம்மன்ஸ் போட்ட பணம் அந்தத் தாள்களுக்குள்தான் முடங்கிக் கிடந்தது.

ஜூன் 4

"சிம்மன்ஸ் அச்சடிப்பவரா, கடைக்காரரா?" என்று கேட்டிருக்கிறார்கள். அச்சகம் வைத்திருந்தவர், உரிமையையும் வாங்கினார். ஆனால் விற்பனைக்கு மற்ற கடைக்காரர்களைத்தான் நம்பினார். தலைப்புப் பக்கத்தில் பீட்டர் பார்க்கர், ராபர்ட் போல்ட்டர், மத்தியாஸ் வாக்கர் என்று மூன்று கடைகளின் பெயர். அப்புறம் விற்க விற்கத் தலைப்புப் பக்கத்தை மட்டும் புதிதாக அச்சடித்து, வேறு கடைகளின் பெயரைப் போட்டு, அதே பழைய தாள்களோடு சேர்த்துவிட்டார். உள்ளே இருப்பது அதே அச்சு.

பொதுவாக வேலை இப்படிப் பிரிந்திருந்தது. கையெழுத்துப் படியை விலைக்கு வாங்குவதும், 1557-இல் அரச சாசனம் பெற்ற புத்தகத் தொழில் சங்கமான ஸ்டேஷனர்ஸ் கம்பெனியின் பதிவேட்டில் சில பென்ஸ் கட்டிப் பதிவு செய்வதும், தாள் வாங்கிக் கொடுப்பதும் கடைக்காரர். அவரிடம் கூலிக்கு அச்சடித்துத் தருபவர் அச்சகக்காரர். கட்டுவது கட்டுநர், அதுவும் பெரும்பாலும் வாங்குபவர் கேட்ட பிறகு. ஷேக்ஸ்பியரின் 1623 தொகுப்பு கட்டாத தாளாக 15 ஷில்லிங் அளவில் விற்றது, கட்டி வாங்கினால் 1 பவுண்டு (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு).

ஜூன் 6

கடை எப்படி இருக்கும் என்று கேட்டவருக்கு.

செயின்ட் பால் பேராலயத்தைச் சுற்றிய முற்றம்தான் இந்தத் தொழிலின் ஊர். வீட்டு எண் கிடையாது. வெள்ளை நாய், கருங்கரடி, கிளி, பச்சை டிராகன், ரோஜாவும் கிரீடமும் என்று தொங்கும் பலகைப் படங்கள்தான் முகவரி. மேலே குடும்பமும் வேலைப்பையன்களும், கீழே கடை. முன்பக்கப் பலகையை இறக்கினால் அதுவே விற்பனை மேடை. பையன் வாசலில் நின்று "என்ன வேணும் ஐயா?" என்று போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிடுவான். புதிய புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தைக் கூடுதலாக அச்சடித்துத் தூண்களிலும் சுவர்களிலும் ஒட்டுவார்கள். அதுதான் போஸ்டர். தன் புத்தகத்தை அப்படித் தூணில் ஒட்டவேண்டாம் என்று பென் ஜான்சன் தன் கடைக்காரருக்கே ஒரு கவிதை எழுதினார் என்றால், ஒட்டாத கடை அரிது என்றுதான் அர்த்தம்.

பையன் என்றால் தொழில் பழகுபவன். குறைந்தது 7 வருடம், 24 வயதுக்கு முன்னால் விடுதலை இல்லை. அவனுடைய நாள் தாளோடுதான் கழியும். அச்சகத்திலிருந்து மூட்டையாக வரும் தாள்களை வரிசைப்படி சேர்க்கவேண்டும். ஒவ்வொரு தாளின் அடியிலும் ஏ, பி, சி என்று அடையாள எழுத்து இருக்கும். அதை விரலால் தள்ளித் தள்ளிச் சரிபார்க்கவேண்டும். ஒரு தாள் குறைந்தால் அந்தப் பிரதியே வீண். இந்த வேலையை நானும் செய்திருக்கிறேன். சாயங்காலத்துக்குள் விரல் நுனி வழுவழு என்று ஆகிவிடும், கடைசியில் தாள் பிடிக்கவே பிடிக்காது.

சிறு பிரசுரங்களுக்குக் கட்டுமானம் கிடையாது. முதுகோரத்தில் ஊசியால் மூன்று இடத்தில் குத்தி, நூலை விட்டு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். நூலகத்தில் ஒரு 17-ஆம் நூற்றாண்டுப் பிரசுரத்தை விரித்துப் பார்த்தபோது அந்தத் துளைகள் இருந்தன. பின்னாளில் யாரோ தோலட்டை போட்டு அழகாகத் தைத்திருந்தார்கள். பழைய மூன்று துளையும் அப்படியே உள்ளோரத்தில், நடுத்துளை கொஞ்சம் கிழிந்து, எழுத்துக்கு வெகு அருகில். அவசரத்தில் குத்தியிருக்கிறான் பையன்.

ஜூன் 6, அப்புறம்

சிம்மன்ஸ் பற்றி இதையும் சொல்லிவிடவேண்டும். 1668-இல் சேர்த்த பக்கங்களில் 'அச்சடித்தவர் வாசகருக்கு' என்று சில வரி இருக்கிறது. முதலில் கதைச்சுருக்கம் போடுகிற எண்ணம் இல்லை, பலரும் கேட்டதால் வாங்கிப் போட்டிருக்கிறேன், எதுகை ஏன் இல்லை என்று தடுமாறியவர்களுக்கு அதற்கும் காரணம் வாங்கியிருக்கிறேன் என்கிறார். அதாவது வாங்க வந்தவர்கள் முணுமுணுத்தது மில்டன் வீடு வரை போயிருக்கிறது. அவரிடம் கேட்டு எழுதி வாங்கியவர் சிம்மன்ஸ். எதுகையைப் பற்றி மில்டன் எழுதிய அந்தப் புகழ்பெற்ற குறிப்பு இன்று நமக்குக் கிடைப்பதற்கு இதுதான் காரணம்.

ஜூன் 9

எதில்தான் சாப்பாடு கிடைத்தது என்றால், பஞ்சாங்கத்தில். அரிச்சுவடியில். பைபிளின் சங்கீதப் பாடல் புத்தகத்தில்.

1660-களில் வருடத்துக்குச் சுமார் 4 லட்சம் பஞ்சாங்கம் விற்றன. காரணம் எளிது, டிசம்பர் முடிந்தால் பழையது செத்துப் போகும். அரிச்சுவடியும் அதே கதை, பிள்ளைகள் கையில் கிழிந்துவிடும். இந்த உத்தரவாத வருமானத்தை எல்லாம் 1603-இல் ஜேம்ஸ் மன்னரின் உரிமைப் பத்திரத்தோடு கம்பெனி தன் பொதுச் சொத்தாக வளைத்துக்கொண்டது. உறுப்பினர்களுக்குப் பங்கு, பங்குக்கு லாபம், ஏழை விதவைகளுக்குக் கொஞ்சம் உதவித்தொகை. பங்கு கிடைத்தவன் கரையேறினான். கிடைக்காதவன் திருட்டுப் பதிப்பு போட்டான். இந்தப் பங்கு வருவதற்கு முன்பே, 1582-இல் ரோஜர் வார்டு அடித்தது ஒரு அரிச்சுவடியும் கிறிஸ்தவ ஞானோபதேசமும் சேர்ந்த சிறு புத்தகம், 10,000 பிரதி. உரிமை ஜான் டேயுடையது. பசித்த தொழிலாளி எதைத் திருடுகிறான் என்று பாருங்கள். ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்று 6 பென்ஸ், அதைத் திருடி என்ன கிடைக்கும்?

மற்றபடி கடைகளுக்கு நடுவே ரொக்கம் ரொம்பக் கைமாறவில்லை. என்னிடம் 1,000 பிரதி ஒரே புத்தகம் இருக்கிறது, உன்னிடம் வேறொன்று. உனக்கு 25 தருகிறேன், அதே அளவு தாளுக்கு உன்னுடையதைக் கொடு. இப்படி மாற்றி மாற்றித்தான் ஒரு கடையில் பல தலைப்பு சேர்ந்தது. வெளியூர்க் கடைக்காரருக்கும் தலைச்சுமை வியாபாரிக்கும் கடன். அது எப்போது திரும்பி வரும் என்பது அவரவர் தலைவிதி.

ஜூன் 10

"படிப்பாளிகள் என்ன வாங்கினார்கள்?" ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் டோர்ன் என்ற கடைக்காரர் 1520-இல் எழுதிய நாள்கணக்கு அப்படியே கிடைத்திருக்கிறது. டச்சு அறிஞர் எராஸ்மஸ் மற்ற எல்லாரையும் முந்துகிறார். மதச் சீர்திருத்தக்காரர் லூதரும் கொஞ்சம் விற்கிறார், தடை வருவதற்கு முன்னால். அவர்களுக்கு நடுவிலேயே அரைப் பென்னிக்குப் பாட்டுத் தாள். ஒரே நாளில், ஒரே கையெழுத்தில், லத்தீன் இறையியலும் தெருப்பாட்டும். இந்தக் கணக்கை நான் எத்தனை முறை எடுத்தாலும் கீழே வைக்க மனம் வருவதில்லை.

ஜூன் 13

தீயைப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு முழுமை ஆகாது.

1666 செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை தீ பிடித்தது. முற்றத்துக் கடைக்காரர்களுக்கு யோசிக்க நேரம் இருந்தது. அதுதான் கொடுமை. பேராலயத்தின் அடியில் செயின்ட் ஃபெயித் என்ற நிலத்தடிக் கோயில், கல் வளைவுக் கூரை. அங்கே இறக்கிவிட்டால் பயமில்லை என்று வண்டி வண்டியாகப் புத்தகத்தை இறக்கினார்கள். செவ்வாய்க்கிழமை பேராலயத்தைத் தீ எட்டியது. மேற்கூரை இடிந்து விழுந்ததில் கீழ்வளைவு உடைந்து, நெருப்பு உள்ளே போயிற்று. அந்தப் புத்தகக் குவியல் ஒரு வாரம் எரிந்ததாக ஜான் ஈவ்லின் எழுதியிருக்கிறார்.

ஏன் ஒரு வாரம்? நெருக்கி அடுக்கிய தாள் சட்டென்று எரியாது. விளிம்பு கருகும், உள்ளே புகைந்துகொண்டே இருக்கும். தாள் கிடங்கில் வேலை பார்த்த யாரையும் கேளுங்கள்.

சாமுவேல் பீப்ஸின் நாட்குறிப்பில் அவருடைய கடைக்காரர் ஜோஷுவா கிர்ட்டன் வருகிறார். தீக்கு முன் 7,000, 8,000 பவுண்டு மதிப்புள்ள மனிதர். தீக்குப் பின் எல்லாம் போய், அதற்கு மேல் 2,000, 3,000 பவுண்டு கடன். வீடு, கடை, சரக்கு எதுவும் மிஞ்சவில்லை. மறு வருடம் நவம்பரில், நஷ்டத்தின் துக்கத்தில் செத்துப்போனார் என்று பீப்ஸ் எழுதுகிறார். தீக் காப்பீடு என்ற ஏற்பாடே லண்டனில் அந்தத் தீக்குப் பிறகுதான் வந்தது.

அதே பீப்ஸ் 1667 மார்ச்சில் எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும். துருக்கியைப் பற்றி ரைகாட் எழுதிய புத்தகம், தீக்கு முன் 8 ஷில்லிங் சொன்னது. ஏறத்தாழ 22 பிரதி தவிர மற்றதெல்லாம் எரிந்துவிட்டது. இப்போது இவர் 20 தருகிறேன் என்றால் கடைக்காரர் 50 கேட்கிறார். தீயின் நினைவாகவாவது வாங்கிவிடுவேன் என்கிறார். கிர்ட்டன் பிச்சைக்காரர் ஆன அதே ஊரில் இன்னொருவருக்கு 8 ஷில்லிங் சரக்கு 50 ஆயிற்று. யாருடைய சரக்கு எந்தத் தெருவில் இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

ஜூன் 14

பணம் போவது மட்டுமா, காதும் கையும் உயிரும்கூடப் போகும்.

1579-இல் எலிசபெத் அரசியின் பிரெஞ்சுக் கல்யாணப் பேச்சை எதிர்த்து ஜான் ஸ்டப்ஸ் எழுதினார். எழுதியவருக்கும், அதைப் பரப்பிய வில்லியம் பேஜுக்கும் வலது கையை வெட்டினார்கள். பிறகு சார்லஸ் மன்னர் காலத்தில், நாடகங்களைத் திட்டி வில்லியம் பிரின் எழுதிய பெரிய புத்தகம் அவருடைய அரசியைத் தாக்குகிறது என்று வழக்கு. பிரினுக்குக் காது போயிற்று. வெளியிட்ட கடைக்காரர் மைக்கேல் ஸ்பார்க்குக்கு 500 பவுண்டு அபராதம், முற்றத்தில் கழுத்துப்பலகைத் தண்டனை. தன் வாடிக்கைக்காரர்கள் நடமாடும் இடத்திலேயே.

1664 பிப்ரவரியில் ஜான் ட்வின் என்ற அச்சகக்காரரைத் தூக்கில் போட்டு உடலைக் கூறுபோட்டார்கள். அதே வழக்கு வரிசையில் தாமஸ் புரூஸ்டர் என்ற கடைக்காரர், ஒரு அச்சகக்காரர், ஒரு கட்டுநர். பிழைப்புக்காகத் தொழில் முறையில் செய்தோம் என்பதுதான் அவர்களுடைய வாதம். எடுபடவில்லை. புரூஸ்டர் சீக்கிரமே இறந்துபோனார். தாளை மடித்துத் தைத்தவனையும் கூண்டில் ஏற்றினார்கள் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

ஜூன் 18

இந்த இழையில் யாராவது ஒருவரைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் ஜார்ஜ் தாமசனை வையுங்கள்.

முற்றத்தில் 'ரோஜாவும் கிரீடமும்' கடை. 1640 நவம்பர் வாக்கில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் சண்டை முற்றுகிற நேரத்தில், தெருவில் வருகிற ஒவ்வொரு பிரசுரத்திலும் ஒரு பிரதி வாங்கி வைக்கத் தொடங்கினார். 1661 வரை விடவில்லை. சுமார் 22,000. செய்தித்தாள், பிரசங்கம், வசைப்பாட்டு, அரசு ஆணை, எதிர்ப்பு ஆணை, எல்லாம். பலவற்றின் தலைப்புப் பக்கத்தில் தன் கைக்கு வந்த தேதியை மையால் எழுதிவைத்தார். அச்சில் வருடம் மட்டும் இருக்கும், இவர் மாதமும் நாளும் சேர்த்தார். இன்று அந்த உள்நாட்டுப் போரை வாரக்கணக்கில் எழுதும் வரலாற்றாசிரியர்கள் நிற்பது இந்தப் பேனாக் கோட்டின் மேல்தான்.

பத்திரிகைச் சுதந்திரம் பற்றி மில்டன் 1644-இல் எழுதிய உரையின் தாமசன் பிரதியைப் படமாகப் பார்த்திருக்கிறேன். 'ஆசிரியரின் அன்பளிப்பு' என்று லத்தீனில், நவம்பர் 24 என்று தேதியோடு. மில்டன் தாமே கொடுத்தது. ஆக, மில்டனுக்கும் புத்தகக் கடைக்காரர்களுக்கும் நடுவே இருந்தது அந்த 5 பவுண்டு மட்டும் இல்லை. தாமசனின் மனைவி கேத்தரின் இறந்தபோது அவருக்காகவும் மில்டன் ஒரு கவிதை எழுதினார்.

இன்னொரு பிரதியின் கதை. சார்லஸ் மன்னருக்கு ஒரு பிரசுரம் அவசரமாகத் தேவைப்பட்டது, எங்கேயும் கிடைக்கவில்லை, தாமசனிடம் கடன் கேட்டு ஆள் வந்தது. தொகுப்பிலிருந்து பிரிக்க மனமில்லாமல்தான் கொடுத்தார். மன்னர் 1647-இல் வைட் தீவை நோக்கித் தப்பிப்போனபோது அது வழியில் சேற்றில் விழுந்தது. ஆனாலும் திருப்பி அனுப்பிவிட்டார். சேற்றுக் கறை இன்றும் அதில் இருக்கிறது, ஓரத்தில் தாமசன் அந்த விவரத்தை எழுதிவைத்திருக்கிறார்.

தாமசன் மன்னர் கட்சி ஆளும் இல்லை, நாடாளுமன்றப் படைத்தலைவர் கிராம்வெல் கட்சி ஆளும் இல்லை. 1651-இல் ஒரு சதி வழக்கில் சிறைக்குப் போனார். படைகள் வரும்போதெல்லாம் மூட்டைகளை ஊர் ஊராக மாற்றிப் பாதுகாத்தார். 1666-இல் இறந்தார். நல்ல விலைக்கு விற்றுப் பார்க்கும் கொடுப்பினை அவருக்கு இல்லை. நூறு வருடம் போல யார் யார் கையிலோ கிடந்து, மூன்றாம் ஜார்ஜ் 300 பவுண்டு கொடுத்து வாங்கி 1762-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குத் தந்தார். நல்லவேளை, தீ வந்தபோது அது செயின்ட் ஃபெயித்தில் இல்லை.

ஜூன் 20

பெண்கள் இருந்தார்களா? இருந்தார்கள். கணவன் இறந்தால் கடையையும் உரிமைகளையும் வேலைப்பையன்களையும் விதவை நடத்தலாம், கம்பெனி விதிப்படியே. ஹானா ஆலன் 1646-இல் கணவர் இறந்ததும் லண்டனில் கடையை ஏற்று, தானே தேர்ந்தெடுத்துப் புத்தகம் வெளியிட்டார். 1651 வாக்கில் தன்னிடம் தொழில் பழகிய லிவ்வெல் சாப்மனை மணந்தார். அதற்குப் பிறகு தலைப்புப் பக்கங்களில் சாப்மன் பெயர்தான் வரும். வேலை பார்த்தது யார் என்று அங்கே தெரியாது. இப்படி மறைந்த பெயர்கள் எத்தனையோ.

ஜூன் 23

ஜான் டன்டன் இல்லாமல் முடியாது என்று ஒருவர் நினைவூட்டினார். சரிதான். இந்தத் தொழிலின் உள்வீட்டை அவர் அளவுக்கு யாரும் எழுதவில்லை.

1659-இல் பிறந்தவர். குடும்பமே பாதிரிமார். இவருக்குப் படிப்பில் மனம் நிற்கவில்லை என்று தாமஸ் பார்க்ஹர்ஸ்ட் கடையில் தொழில் பழகவிட்டார்கள். தொடக்கத்திலேயே ஓடிப்போனார், திரும்பவும் கொண்டுவந்து விட்டார்கள். 1682-இல் எலிசபெத் ஆனெஸ்லியைக் கல்யாணம் செய்தார். மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கு இந்த எலிசபெத் பெரியம்மா முறையோ சின்னம்மா முறையோ ஆகவேண்டும், அவருடைய தாயின் அக்கா தங்கைகளில் ஒருவர். கடைக் கணக்கு முழுக்க எலிசபெத் கையில். டன்டனுக்கு ஊர் சுற்றுவதில் ஆசை. மைத்துனி ஒருவருக்கு ஜாமீன் நின்றது கழுத்தைப் பிடித்தது. புத்தகம் விற்க 1686-இல் அமெரிக்காவின் பாஸ்டனுக்குக் கப்பலில் போய்ச் சேர்ந்தார், அங்கே வரவேண்டிய பழைய பாக்கியும் இருந்தது. திரும்பி வந்தும் கடன் தீரவில்லை. பத்து மாதம் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தார். மாமனார் பிரசங்கத்தைக் கேட்கும் ஆசையில் பெண் வேடம் போட்டு வெளியே போனவரைத் தெருவில் ஒருவன் கண்டுபிடித்துக் கத்த, கூட்டம் துரத்த, ஓட்டமாக ஓடித் தப்பித்தார். இதை அவரே உற்சாகமாக எழுதியிருக்கிறார்.

1688-இல் கருங்காக்கைப் பலகையோடு மறுபடி கடை. 1691-இல் 'ஏதீனியன் மெர்க்குரி' என்ற பத்திரிகை. வாசகர் எதை வேண்டுமானாலும் எழுதிக் கேட்கலாம், பெயர் சொல்லவேண்டாம், ஒரு குழு பதில் சொல்லும். மழை ஏன் பெய்கிறது, ஆன்மா எங்கே இருக்கிறது, காதலித்தவளை விட்டுவிடலாமா. ஒன்றரை வருடமாக நாம் இந்தக் கேள்வி-பதில் பக்கத்தில் செய்துகொண்டிருப்பதை அவர் 1697 வரை காபிக் கடையில் உட்கார்ந்து செய்தார்.

அந்த வருடம்தான் எலிசபெத் இறந்தார். அப்புறம் டன்டன் நிமிரவே இல்லை. டப்ளினுக்குக் கப்பலில் புத்தகம் கொண்டுபோய் 1698-இல் ஏலம் விட்டார், அங்கே ஒரு கடைக்காரரோடு சண்டை, அதையும் புத்தகமாகப் போட்டார். 1705-இல் தன் வாழ்க்கையையும் தவறுகளையும் எழுதினார். 600 புத்தகம் வெளியிட்டேன், 7-க்கு மட்டும் வருந்துகிறேன் என்கிறார். அதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. சக கடைக்காரர்கள், அச்சகக்காரர்கள், கட்டுநர்கள் என்று பெயர் பெயராக எடுத்து, இவர் நேர்மையானவர், இவர் கடனைச் சொன்ன தேதியில் கொடுப்பவர், இவர் பேச்சு இனிமை என்று ஆளுக்குச் சில வரி எழுதியிருக்கிறார். வேறு எந்த ஆவணத்திலும் முகமில்லாத மனிதர்கள் அவர்கள்.

ஜூன் 24

நம் ஊர்ப் பக்கத்தோடு தொடர்பு உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு. 1698-இல் லண்டனில் தொடங்கிய கிறிஸ்தவ அறிவு பரப்பும் சங்கத்துக்கு ஜோசப் டவுனிங் என்பவர்தான் அச்சடித்துப் புத்தகம் விற்றவர். அந்தச் சங்கம் தரங்கம்பாடி மிஷனுக்கு 1711-இல் ஒரு அச்சு இயந்திரமும் புத்தகங்களும் அனுப்பியது. கப்பலை ரியோ டி ஜனீரோவில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். கூட வந்த அச்சுத் தொழிலாளி வழியிலேயே இறந்துபோனார். இயந்திரம் 1712-இல் வந்து சேர்ந்தது. ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்ததும் 1713-இல் தரங்கம்பாடியில் தமிழ் அச்சு தொடங்கியது.

ஜூன் 29

கேள்வி கேட்ட வாசகர் திரும்ப வந்து, "அப்படியானால் மாடி வீடு கட்டியவன் யாருமே இல்லையா?" என்கிறார். இதற்கு நேராகப் பதில் சொல்லவேண்டும். இருந்தார்கள்.

மில்டனின் விதவை எலிசபெத் 1680-இல் மிச்ச உரிமை எல்லாவற்றையும் 8 பவுண்டுக்கு எழுதிக் கொடுத்தார். சிம்மன்ஸ் அதை பிராபசான் அய்ல்மருக்கு 25 பவுண்டுக்கு விற்றார். அவரிடமிருந்து ஜேக்கப் டான்சன் என்ற கடைக்காரர் 1683-இல் பாதியும் 1690-இல் மீதியும் வாங்கினார். 1688-இல் முன்பணம் திரட்டிப் படங்களோடு பெரிய அளவில் ஆடம்பரப் பதிப்பு போட்டார். எந்தக் கவிஞரால் அதிகம் சம்பாதித்தீர்கள் என்று கேட்டபோது மில்டன் என்றாராம். நெல்லர் வரைந்த ஓவியத்தில் கையில் அந்தப் புத்தகத்தோடுதான் இருக்கிறார்.

ஆகவே என் கோபம் எங்கே போகவேண்டுமோ அங்கே போகட்டும். முதலில் துணிந்தவனுக்குக் கிடைத்தது கொஞ்சம். பதிவேட்டில் ஏறிய பெயர் சொத்தாக மாறி, பாட்டன், பேரன் என்று கைமாறியது. 1710 பதிப்புரிமைச் சட்டம் ஏற்கனவே அச்சான நூல்களுக்கு 21 வருடம், புதியவற்றுக்கு 14, ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னொரு 14 என்று வரம்பு வைத்தது. பெரிய கடைகள் அதற்குப் பிறகும் தங்கள் உரிமை நிரந்தரம் என்றே நடத்தின. 1774-இல் பிரபுக்கள் சபை இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் வரை. டான்சன்கள் மேல் வைக்கவேண்டிய பழியைச் சிம்மன்ஸ் மேல் வைக்காதீர்கள். 1623 தொகுப்பைத் துணிந்து போட்ட எட்வர்டு பிளவுன்ட்டும் 1630-இல் தன் 16 நாடக உரிமையைக் கைமாற்றிவிட்டுத்தான் போனார்.

ஜூலை 2

எல்லாம் லண்டன் பேச்சாகவே போகிறது என்ற குறை நியாயம்.

லிச்ஃபீல்டில் மைக்கேல் ஜான்சன், அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனின் அப்பா. ஒரு ஊர்க் கடை மட்டும் சோறு போடாது. சந்தை நாளுக்குச் சந்தை நாள் குதிரையில் புத்தகம் ஏற்றி உட்டாக்ஸிட்டர் போவார், பர்மிங்காம் போவார். பர்மிங்காமிலேயே அப்போது நிரந்தரப் புத்தகக் கடை இல்லை. 1718 மார்ச்சில் வூஸ்டரில் ஒரு சத்திரத்தில் மாலை 6 மணிக்குத் தொடங்கி ஏலம். அதன் பட்டியலில், பெண்களை மகிழ்விக்க நல்ல படங்களும் சுவர்க் காகிதமும் சேர்த்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறார். கூடவே தோல் தொழிலும் நடத்தினார், அதில் நொடித்தார். நோயில் கிடந்த அப்பா உட்டாக்ஸிட்டர் கடைக்குப் போகச் சொன்னபோது மகன் கௌரவம் பார்த்து மறுத்துவிட்டார். முதுமையில் அதே சந்தையில் தொப்பியைக் கழற்றி மழையில் நின்றார். மகனின் மனவருத்தத்தை எல்லாரும் எழுதுகிறார்கள். அப்பா அன்று காய்ச்சலோடு தனியாக அந்தக் கடையை நடத்தப் போனாரா என்பதுதான் என் மனதில் ஓடுகிறது.

ஜூலை 5

கடைசியாகக் கேட்டது: இந்தக் கடன் சுழலை யாராவது உடைத்தார்களா?

ஜேம்ஸ் லாக்கிங்டன். செருப்புத் தைப்பவர். 1774-இல் மெதடிஸ்ட் நிதியிலிருந்து 5 பவுண்டு கடன் வாங்கிப் பழைய புத்தகக் கடையைப் பெரிதாக்கினார். 1780 முதல் யாருக்கும் கடன் கிடையாது, பிரபுவானாலும் ரொக்கம். மற்ற கடைக்காரர்கள் சிரித்தார்கள். கடன் வட்டியும் வராத பாக்கியும் இல்லாததால் அவரால் விலையைக் குறைக்க முடிந்தது. விற்காமல் தேங்கியதை ஏலத்தில் வாங்கும் கடைக்காரர்கள் விலை சரியாமல் இருக்கப் பாதியையோ முக்காலையோ அழித்துவிடுவது வழக்கம். இவர் முழுதும் வாங்கி, ஒன்றையும் அழிக்காமல் அரை விலைக்கும் கால் விலைக்கும் விற்றார். 1791-இல் தன் வருட லாபம் 4,000 பவுண்டு என்று அவரே எழுதினார். ஃபின்ஸ்பரி சதுக்கத்தில் அவர் நடத்திய கடையின் உச்சியில் கொடி பறக்கும். உள்ளே மாடிக்கு மாடி ஏற ஏறப் புத்தகத்தின் விலை குறையும்.